சுகாதார, சமூகப் பராமரிப்புப் பணியிடங்களில் உள்ள ஆபத்துகள் யாரை, எப்படிப் பாதிக்கின்றன?

கேள்வி: பராமரிப்புப் பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம்.

முதியோரும் உடல் இயலாதோரும் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம் ஒன்றில், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். பணியிட ஆபத்துகள் பற்றிய வகுப்பைப் புதிதாக எழுதித் தருமாறு நிர்வாகம் கேட்டிருக்கிறது. என்னிடம் இருக்கும் பாடக்குறிப்பு, ஆபத்துகளை உயிரியல், வேதியியல், இயற்பியல், உடலுழைப்பு, உளவியல் என்று ஐந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து எடுத்துக்காட்டுகளைத் தந்துவிட்டு, "கையுறை அணியுங்கள், கைகளைக் கழுவுங்கள், கவனமாக இருங்கள்" என்று முடிந்துவிடுகிறது. அதில் எதுவும் தவறில்லை. ஆனால் அதைப் படித்து முடித்த ஒருவருக்கு, அந்த ஆபத்து ஒரு மனிதரின் உடலையும் வருமானத்தையும் குடும்பத்தையும் எப்படித் தொடும் என்பது பிடிபடுவதில்லை. தேர்வில் ஐந்து வகையையும் வரிசையாக எழுதுகிறவர்களே, மறுநாள் தனியாக ஒருவரைப் படுக்கையிலிருந்து தூக்க முயல்வதைப் பார்க்கிறேன்.

இந்தத் துறையில் வெவ்வேறு இடங்களில் வேலை செய்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பிரிவில் எந்த ஆபத்து உண்மையில் ஆட்களை வீழ்த்துகிறது, அது எந்தக் கணத்தில் நடக்கிறது, பணியாளரைத் தாண்டி வேறு யாரைப் பாதிக்கிறது என்பதை உங்களிடமிருந்து கேட்க விரும்புகிறேன். அடிபட்டவர்கள் அதை ஏன் மேலிடத்துக்குத் தெரிவிப்பதில்லை என்பதையும் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் இல்லத்தின் விபத்துப் பதிவேடு பல மாதங்களாக ஏறக்குறைய வெறுமையாக இருப்பது எனக்கு நிம்மதி தரவில்லை.


பதில்: தொற்றுத் தடுப்புச் செவிலியர்

வணக்கம். அந்த ஐந்து வகைகளை வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கு அவை தேவைப்படும். வகுப்பை மட்டும் அவற்றிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரே ஒரு ஊசிக்குத்தை எடுத்துக்கொண்டு, அது நடப்பதற்கு முந்தைய சில நிமிடங்களையும் நடந்த பிறகு வரும் சில மாதங்களையும் மாணவர்களோடு சேர்ந்து விரித்துப் பாருங்கள். மற்ற எல்லாமே அதற்குள் வந்துவிடும்.

ஊசி போடும்போதுதான் கையில் குத்தும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். போட்டு முடித்ததற்கும், அந்த ஊசி கழிவுப் பெட்டிக்குள் விழுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் நடப்பவை ஏராளம். ஒரு செவிலியர் இரத்தம் எடுத்து முடிக்கிறார். ஒரு கையால் பஞ்சை நோயாளியின் முழங்கையில் அழுத்திப் பிடித்திருக்கிறார், மறு கையில் பயன்படுத்திய ஊசி இருக்கிறது, கழிவுப் பெட்டியோ வார்டின் மறுகோடிச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தடுமாறி இறங்கப் பார்க்கிறார். செவிலியர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடுகிறார். அந்தத் தட்டு, மேலே கிடக்கும் பஞ்சுகளோடும் துணியோடும் கழுவுமிடத்துக்குப் போகிறது. அங்கே அதைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் கட்டை விரலில் ஊசி ஏறுகிறது. வாழ்நாளில் ஒருமுறைகூட ஊசி போட்டிராத ஒருவர் அவர். சலவைப் பிரிவில் விரிப்புகளை உதறுகிறவருக்கும் கழிவு மூட்டையைத் தோளோடு அணைத்துத் தூக்குகிறவருக்கும் இதே நிலைதான். இந்தக் கதையில் யாரைக் "கவனமாக இருங்கள்" என்று சொல்லப்போகிறோம்? பெட்டி கட்டிலருகே இருந்திருந்தால், அந்த வேளையில் வார்டில் இன்னொருவர் இருந்திருந்தால், ஊசி தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் வகையாக இருந்திருந்தால், அது நடந்திருக்காது.

எண்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாணவர்கள் ஒன்று தேவைக்கு மேல் அஞ்சுவார்கள், அல்லது அஞ்சவே மாட்டார்கள். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு, அந்த நோயாளியின் நிலையைப் பொறுத்து 6 முதல் 30 சதவீதம். எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் சி-க்கு முன்பு 1.8 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். பிந்தைய ஆய்வுகள் அதைவிடக் குறைவாகக் காட்டுகின்றன. எல்லோரும் அஞ்சுவது எச்.ஐ.வி.க்கு; எளிதாகத் தொற்றுவதோ ஹெபடைடிஸ் பி. அதற்குத்தான் 1980களின் தொடக்கத்திலிருந்து தடுப்பூசி இருக்கிறது. சுகாதாரப் பணியாளர்களுக்கு ஏற்படும் ஹெபடைடிஸ் பி, சி தொற்றுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் வேலையின்போது ஏற்படும் கூர்முனைக் காயங்களால் வருவதாக உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது.

குத்திய பிறகு செய்ய வேண்டியவை குறைவு, ஆனால் நேரம் மிக முக்கியம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கி இரத்தம் எடுப்பதும் பிளீச்சிங் கரைசலில் விரலை முக்குவதும் கூடாது. இவை திசுவைப் புண்ணாக்குமே தவிர நன்மை செய்வதில்லை. உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், அதைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயன் இருக்காது என்றே கொள்ள வேண்டும். மருந்தை 28 நாட்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். இதில் பாடக்குறிப்புகள் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அந்த மருந்து சிலருக்குக் குமட்டலையும் களைப்பையும் தரும். பரிசோதனைகள் முடியும் வரை வாழ்க்கைத் துணையோடு பாதுகாப்பாக இருக்க வேண்டும், இரத்த தானம் செய்யக் கூடாது, கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாயாக இருந்தால் அது பற்றியும் மருத்துவரிடம் பேசியாக வேண்டும். வீட்டில் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வியோடு ஒருவர் வாரக்கணக்கில் வேலைக்கு வந்துபோவார். தொற்று வராமலே போனாலும் அந்த வாரங்கள் அவருக்கு நடந்தவைதான். விபத்துப் படிவத்தில் அவற்றை எழுதுவதற்கு ஓர் இடம்கூட இருப்பதில்லை.

ஏன் சொல்வதில்லை என்று கேட்டீர்கள். சொன்னவுடன் வரும் முதல் கேள்வி "எப்படிக் குத்திக்கொண்டாய்?" என்பதாக இருக்கிறது, அதனால்தான். கேட்பவர் குறை சொல்ல நினைக்காவிட்டாலும், கேட்கப்படுகிறவருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். இரவு டியூட்டியில் யாரிடம் சொல்வதென்று தெரியாது. ஒப்பந்தப் பணியாளரானால், நிறுவனத்தின் பதிவேட்டில் தன் பெயருக்கு இடமிருக்கிறதா என்பதே தெரியாது. பரிசோதனையில் ஏதாவது வந்துவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

1847ஆம் ஆண்டில் வியன்னாவில் யாக்கோப் கோலெச்கா என்ற தடயவியல் மருத்துவப் பேராசிரியர், பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவருடைய உடலில் கண்ட மாற்றங்கள், பிரசவ வார்டில் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடல்களில் இருந்தவற்றை ஒத்திருப்பதை அவருடைய நண்பரும் பிரசவ வார்டு மருத்துவருமான செம்மல்வைஸ் கவனித்தார். மருத்துவர்கள் கைகழுவ வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது அதன் பிறகுதான். ஒரு பணியாளருக்கு நேர்ந்த காயத்தை உற்றுப் பார்த்ததால் நோயாளிகளின் உயிர் காக்கப்பட்டது. இதை உங்கள் வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். பணியாளர் பாதுகாப்பு ஒரு பக்கம், நோயாளி பாதுகாப்பு இன்னொரு பக்கம் என்று இரண்டு கோப்புகளில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அப்போதாவது சற்றுத் தளரும்.


பதில்: இயன்முறை மருத்துவர்

செவிலியர் அம்மா எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் கேட்டவர் பணிபுரிவது பராமரிப்பு இல்லத்தில். அங்கே ஊசியைவிட அதிகமாக ஆட்களை வேலையிலிருந்து வெளியேற்றுவது முதுகும் தோளும்தான். ஊசிக்குத்துக்கு ஒரு தேதியும் நேரமும் உண்டு. முதுகுக்கு அது கிடையாது. பல ஆண்டுகள் குனிந்து, திரும்பி, இழுத்துச் சேர்ந்த தேய்மானம், ஒருநாள் கீழே விழுந்த தலையணையை எடுக்கும்போது வெளிப்படும். அது வேலையால் வந்தது என்று யாரும் எழுதமாட்டார்கள்.

அமெரிக்காவின் தேசியப் பணிசார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் பொருள்களைத் தூக்குவதற்கு வகுத்த கணக்கில், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் உச்ச எடை 23 கிலோ. மனிதர்களைத் தூக்குவதற்கு அந்த அளவு பொருந்தாது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் 2007இல் விளக்கி, 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோவுக்கு மேல் கையால் தூக்க நேர்ந்தால் உதவிக் கருவி வேண்டும் என்றார்கள். 60 கிலோ எடையுள்ள ஒரு பெரியவரை இருவர் சமமாகப் பகிர்ந்து தூக்கினாலும் ஆளுக்கு 30 கிலோ. இதைப் பலகையில் எழுதிக் காட்டினால் போதும், இரண்டு பேர் இருந்தாலே பாதுகாப்பு என்ற நம்பிக்கை கலைந்துவிடும். அதோடு, மனிதரைப் பெட்டியைப் பிடிப்பது போல் பிடிக்க முடியாது. பாதி வழியில் அவர் பயந்து உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்வார், கால் விறைத்துக்கொள்ளும், ஈரமான தோல் கையிலிருந்து நழுவும்.

"முதுகை நேராக வைத்து முழங்காலை மடக்குங்கள்" என்று கற்றுத் தருவதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். தூக்கும் முறையைக் கற்பிப்பதால் மட்டும் முதுகுவலி குறைந்ததாக ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. பல காலமாக அந்தப் பயிற்சியைக் கொடுத்துவரும் துறையைச் சேர்ந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தூக்கும் தேவையையே குறைக்கும் ஏற்பாடுகள்தான் பலன் தருகின்றன: உயரம் மாற்றக்கூடிய கட்டில், படுத்தவரை நகர்த்துவதற்கான வழுக்கு விரிப்பு, தூக்குக் கருவி, அதைப் பயன்படுத்தத் தேவையான நேரம். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கருவி பூட்டிய அறையில் இருந்து, சாவி இன்னொருவரிடம் இருந்து, காலை எட்டு மணிக்குள் பத்துப் பேரைக் குளிப்பாட்டி உட்காரவைக்க வேண்டும் என்றால், கருவி இல்லை என்றுதான் பொருள்.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் ஒரே ஒரு செயலை வகுப்பில் மெதுவாகச் செய்துகாட்டுங்கள். முதலில் கட்டிலின் பிரேக்கும் சக்கர நாற்காலியின் பிரேக்கும் பூட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நாற்காலியின் கால்தாங்கி விலக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய வலுவான பக்கத்தில் நாற்காலி இருக்க வேண்டும். அவருடைய பாதம் தரையில் நன்றாகப் படிந்திருக்கிறதா, காலில் வழுக்கும் காலுறை இருக்கிறதா, சிறுநீர்க் குழாய் எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் "எழுந்திருக்கலாமா?" என்று அவரிடம் கேட்டு, அவர் பதில் சொல்வதற்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காதபோதுதான் பாதி விபத்துகளுக்கு வழி திறக்கிறது என்பது என் அனுபவம். தன்னைத் தூக்கப்போகிறார்கள் என்று தெரியாதவர் உடலை விறைக்கத்தான் செய்வார்.

பணியாளரைத் தாண்டி யாருக்குப் பாதிப்பு என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. முதுகு வலிக்கும் பணியாளர் குனிவதைத் தவிர்க்க, பெரியவரின் அக்குளில் கைகொடுத்து இழுப்பார். பக்கவாதம் வந்த தோள் அந்த இழுப்பில் இடம்பெயரக்கூடும். விரிப்பின் மேல் உடலை இழுக்கும்போது இடுப்பெலும்பின் மேல் தோல் உராய்ந்து படுக்கைப் புண்ணுக்கு அடிபோடும். புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய ஒரு வேளை தவறிப்போகும். தங்கியிருப்பவரின் பதிவேட்டில் "படுக்கைப் புண்" என்று எழுதப்படுகிறது. பணியாளரின் முதுகுவலி எங்கேயும் எழுதப்படுவதில்லை. இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை.


பதில்: கருவிகள் தூய்மைப் பிரிவுப் பணியாளர்

நோயாளிகளை நேரில் பார்க்காத எங்களைப் போன்றவர்களையும் வகுப்பில் நினைவுகொள்ளுங்கள். எண்டோஸ்கோப் (உடலுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்) போன்ற கருவிகளை ஊறவைக்கும் குளூடரால்டிஹைடு என்ற கிருமிநாசினி கண்ணை எரியவைக்கும், காலப்போக்கில் ஆஸ்துமாவையும் உண்டாக்கும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சைத் திணறடிக்கும். கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடும், திசுக்களைப் பாதுகாக்கும் ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் தொகுதியில் வகைப்படுத்தியிருக்கிறது. பராமரிப்பு இல்லத்தில் இவை இருக்காது. ஆனால் பிளீச்சிங் கரைசலும் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவமும் ஒரே அலமாரியில் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு வெளிவரும் என்பதை, இரண்டு புட்டிகளையும் கையில் எடுத்துக் காட்டி முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம்விடப் பரவலானது கைத் தோல் வெடிப்பு. ஒரு ஷிஃப்டில் பலமுறை சோப்பு, ஈரக் கையோடு கையுறை, மறுபடியும் சோப்பு என்று போனால் விரல் இடுக்குகள் பிளந்துவிடும். பிளந்த தோலில் சானிட்டைசர் பட்டால் தீப்பட்டது போல் எரியும். அதனால் அவர் கைகழுவுவதைத் தவிர்க்கத் தொடங்குவார். பிளந்த தோலில் கிருமிகளும் எளிதாகத் தங்கும். தோலுக்குத் தடவும் களிம்பை எல்லோருக்கும் எட்டும்படி கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் வைப்பது ஆடம்பரம் அல்ல, அதுவும் தொற்றுத் தடுப்புதான். கையுறை செய்யப் பயன்படும் ரப்பர் பாலுக்கு ஒவ்வாமையும் உண்டு. பவுடர் பூசிய கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடைசெய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.


பதில்: வீடுதேடிப் போகும் பராமரிப்பாளர்

மேலே எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டடமும் பக்கத்தில் சக பணியாளர்களும் இருக்கிறார்கள். நான் அடுத்தவர் வீட்டுக்குத் தனியாகப் போய் வேலை செய்பவள். அங்கே கட்டில் தாழ்வாக இருக்கும், அதை உயர்த்த முடியாது. குளியலறையில் ஒருவர் நிற்கவே இடமிருக்காது. சர்க்கரை நோய்க்குப் போட்ட ஊசிகள் மேசை இழுப்பறையிலும் குப்பைக் கூடையிலும் கிடக்கும். தடிமனான பிளாஸ்டிக் புட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, "ஊசி" என்று எழுதி ஒட்டி, அதில்தான் போட வேண்டும் என்று குடும்பத்தாருக்குச் சொல்லிவைப்பதுதான் என் முதல் நாள் வேலை.

அடியைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் தம் பணிக்காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திட்டும் மிரட்டலும் இதில் சேராதவை, அவை இன்னும் அதிகம். மறதிநோய் உள்ள ஒருவர் குளிக்கும்போது அறைகிறார், கடிக்கிறார், முடியைப் பிடித்து இழுக்கிறார். யாரோ முன்பின் தெரியாதவர் தன் உடையைக் கழற்றுவதாக அவர் நினைக்கிறார். சில சமயம் பல்வலியோ மலச்சிக்கலோ அவரை வாட்டுகிறது, அதைச் சொல்ல அவருக்கு வார்த்தை வருவதில்லை. அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் மீது தவறில்லை என்பதால் எனக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. "நோயாளிதானே, பொறுத்துக்கொள்" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, பராமரிப்பாளர்கள் காயத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். சொல்லியிருந்தால், அவருக்குக் காலையில் மட்டும்தான் இப்படி வருகிறது, மாலையில் குளிப்பாட்டினால் அமைதியாக இருக்கிறார் என்பது அடுத்து வருகிறவருக்குத் தெரிந்திருக்கும். மறைக்கப்பட்ட ஒவ்வோர் அடியும் அடுத்தவருக்கு விழும் அடிதான்.

நோயாளியிடமிருந்து இல்லாமல், வீட்டில் உள்ள வேறொருவரிடமிருந்து வரும் தகாத பேச்சும் தொடுதலும் தனி வகை. பெண் பணியாளர்கள் பெரும்பாலும் இதைச் சொல்லாமல் அந்த வீட்டை மட்டும் மாற்றித் தரும்படி கேட்பார்கள். காரணம் கேட்காமல் மாற்றித் தரும் நிர்வாகம் கருணை காட்டுவதாக நினைத்துக்கொள்கிறது. அதே வீட்டுக்கு அடுத்த பெண்ணை அனுப்புகிறோம் என்பதை அது மறந்துவிடுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை, 2019இல் நிறைவேறியது, வேலை உலகில் வன்முறையும் துன்புறுத்தலும் இல்லாத சூழல் எல்லோருக்கும் உரிமை என்கிறது. பயிற்சி பெறுகிறவர்களும் வேலை தேடுகிறவர்களும்கூட அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். இதை உங்கள் புதிய பணியாளர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் மாலையில் கிளம்பிய பிறகு அதே கட்டிலில் குனிந்து, அதே உடலைப் புரட்டி, இரவெல்லாம் விழித்திருப்பது அந்த வீட்டின் மகளோ மனைவியோதான். என் முதுகுக்குள்ள ஆபத்து அவர்களுக்கும் உண்டு. அவர்களுக்கு விடுப்பு இல்லை, பதிவேடு இல்லை, மாற்று ஆளும் இல்லை.


பதில்: பணிசார் நல மருத்துவர்

மேலே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: ஆள் பற்றாக்குறையும் நேரமின்மையும். ஆனால் எந்தப் பாடக்குறிப்பிலும் இது ஆபத்துகளின் பட்டியலில் இடம்பெறுவதில்லை. என்னைக் கேட்டால் முதலில் வர வேண்டியது இதுதான். செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியர் பார்த்துக்கொள்ள வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடும்போது, அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியருக்குப் பணிச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுவதாகக் கண்டார்கள். ஒரே ஏற்பாடு இரு தரப்பையும் ஒன்றாகப் பாதிக்கிறது.

பணிச்சோர்வைத் தனிமனிதரின் மனபலக் குறைவாகப் பார்க்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தால் வரும் ஒரு பணிசார் நிகழ்வு என்றே அதைக் குறிப்பிடுகிறது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, தன் திறமை குறைந்துவிட்டதாக உணர்வது ஆகியவை அதன் மூன்று அடையாளங்கள். இரண்டாவது அடையாளத்தைப் பயிற்சியில் விளக்கிச் சொல்லுங்கள். தங்கியிருப்பவரைப் பெயர் சொல்லாமல் கட்டில் எண்ணால் கூப்பிடத் தொடங்கும் பணியாளரைக் கடிந்துகொள்வதற்கு முன், அவர் தொடர்ந்து எத்தனை இரவு டியூட்டி பார்த்திருக்கிறார் என்று பாருங்கள். இரவுப்பணியைப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் அதிகமுள்ளவற்றின் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடியும் ஆராய்ந்து அதை உறுதிசெய்தது. இரவுப்பணி இல்லாமல் பராமரிப்பு நடக்காது என்பது உண்மை. அதனால்தான் சுழற்சி முறையும் இடையில் ஓய்வும் மருத்துவ விஷயங்கள் ஆகின்றன.

கையுறையும் முகக்கவசமும் பாதுகாப்பு வரிசையில் கடைசி. ஆபத்தை அறவே நீக்குவது, தீங்கு குறைந்ததைப் பதிலாகக் கொண்டுவருவது, கருவியாலோ கட்டட அமைப்பாலோ தடுப்பது, வேலைமுறையை மாற்றுவது, இவ்வளவும் செய்த பிறகு எஞ்சும் ஆபத்துக்குத்தான் அணியும் கவசம். இந்த வரிசை தலைகீழாகும்போது பொறுப்பு முழுவதும் பணியாளரின் தோளில் ஏறிவிடுகிறது. 2003இல் சார்ஸ் பரவியபோது பாதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் சுகாதாரப் பணியாளர். கொரோனாவில், 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை சுகாதார, பராமரிப்புப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மதிப்பீட்டின் இரு எல்லைகளுக்கும் இடையே இருக்கும் அந்தப் பெரிய இடைவெளியைக் கவனியுங்கள். தம்மைப் பராமரித்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைச் சரியாக எண்ணி வைக்கும் ஏற்பாடு உலகிடம் இல்லை. உங்கள் இல்லத்தின் வெற்றுப் பதிவேடும் அதே குறையின் சிறு வடிவம்தான்.


கேட்டவர்: பராமரிப்புப் பயிற்றுநர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்பின் வடிவம் தெளிவாகிவிட்டது: ஊசிக்குத்து ஒன்றின் கதை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் செயல், குளிப்பாட்டும்போது விழும் அடி. வகைப்பாடு கடைசிப் பத்து நிமிடங்களுக்குப் போகும். ஆள் பற்றாக்குறை குறித்து மருத்துவர் ஐயா எழுதியதை நிர்வாகத்துக்குத் தனியாக எழுதித் தரப்போகிறேன், அது புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்லித் தீரும் விஷயம் அல்ல.

இரண்டு சந்தேகங்கள் எஞ்சியிருக்கின்றன. தண்டனைக்குப் பயந்து பழகிய ஓர் இடத்தில், காயத்தைச் சொல்லும் பழக்கத்தை எங்கிருந்து தொடங்குவது? ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எங்கள் இல்லத்தில் செவிலியர்களுக்கு மட்டும் போடப்படுகிறது; மற்றவர்களில் யார் யாருக்குப் போட வேண்டும்?


பதில்: தொற்றுத் தடுப்புச் செவிலியர்

பழக்கத்தைப் படிவத்திலிருந்து தொடங்குங்கள். இப்போதுள்ள படிவத்தில் "யாரால் நடந்தது", "கவனக்குறைவா" என்ற கட்டங்கள் இருந்தால் அவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். "எந்த இடத்தில், எந்த வேளையில், அப்போது எத்தனை பேர் பணியில் இருந்தார்கள், தேவையான பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததா" என்று கேளுங்கள். குத்தவிருந்து தப்பியது, விழவிருந்து பிடித்துக்கொண்டது ஆகியவற்றைப் பெயரில்லாமல் எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள். காயத்தைவிட இவற்றைச் சொல்வது ஆட்களுக்கு எளிது, தடுக்கும் வழியும் அவற்றிலேயே தெரிந்துவிடும். முக்கியமாக, முதலில் வரும் ஒரு சீட்டுக்காவது ஒரு வாரத்துக்குள் ஏதாவது செய்து, அதை எல்லோர் பார்வையிலும் எழுதி ஒட்டுங்கள். கழிவுப் பெட்டியை நான்கடி நகர்த்தியதாக இருந்தாலும் போதும். சொன்னால் ஏதோ நடக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் இரண்டாவது சீட்டு வரும். இரவில் யாரை அழைக்க வேண்டும் என்ற எண்ணும் மருந்து தொடங்கும் இடத்தின் பெயரும் ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும். அந்த எண்ணை நீங்களே ஒருநாள் நள்ளிரவில் அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசியைப் பதவி பார்த்துப் போடக் கூடாது. இரத்தமோ உடல் திரவமோ கூர்முனைகளோ யாருடைய கையில் படக்கூடுமோ அவர்கள் எல்லோருக்கும் தேவை. உதவியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், சலவைப் பிரிவினர், கழிவு எடுத்துச் செல்வோர், நிரந்தரமானவர், ஒப்பந்தத்தில் வந்தவர், பயிற்சியில் இருப்பவர் என்று யாரையும் விட வேண்டாம். சமையலறையில் மட்டும் வேலை செய்பவருக்கு இந்த ஆபத்து இல்லை. ஆள் குறையும்போது அவரையும் வார்டு வேலைக்கு அழைப்பீர்கள் என்றால் அவருக்கும் போடுங்கள். வழக்கமான முறையில் மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தில் மூன்றாவது. பலர் இரண்டாவதோடு நின்றுவிடுவார்கள், அதனால் மூன்றாம் தேதியை நீங்கள்தான் குறித்து வைத்து அழைக்க வேண்டும். கடைசித் தவணைக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புப்பொருள் பரிசோதனை செய்து, ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லி அலகோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று தவணையும் போட்டும் சிலருக்கு அந்த அளவு வராது. அவர்களுக்கு மறுபடியும் தடுப்பூசி போட வேண்டும். அதற்கும் வராதவர் யார் என்பது தெரிந்திருந்தால்தான், ஊசி குத்திய அன்று அவருக்கு இம்யூனோகுளோபுலின் (தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப்பொருள் ஊசி) தேவை என்று உடனே முடிவெடுக்க முடியும். பணி உறுதியான பிறகு போடலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். ஊசியைக் கையாளப் பழகாத முதல் மாதங்களில்தான் கை தடுமாறும், ஆகவே முதல் தவணை வேலையில் சேரும் வாரத்திலேயே போடப்பட வேண்டும்.